அபூசாலி நானாவின் வேன்

"வேன் சத்தம் கொஞ்சம் கூடவாம். குறைக்க ஏலுமா எண்டு ராத்தா கேக்கச் சொன்னா."

பக்கத்து வீட்டுப் பளீலாவின் தம்பி இஸ்ஹாக் இதைச் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். யூஜினிக்குக் கோபம் தலைக்கேறியது.

"கேட்டீங்களா கதைய? இந்த வேனை நமக்கு வித்ததே அவதானே! வித்த ஆளுக்கே இப்ப சத்தம் காதைக் குத்துதாம்!"

அவள் கணவன் லோறன்ஸ் குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தான். உப்புக்காற்று சைலன்சரை அரித்துத் தின்றிருந்தது. விரலால் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டியது.

பளீலாவின் கணவன் அபூசாலி மௌத்தாகி இரண்டு மாதம். அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்ட மாட்டாள், வெளி ஆண்களோடு கதைக்க மாட்டாள். உள்ளே யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கேட்டையும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். அபூசாலி கருவாடு ஏற்றிய வேனைத்தான் லோறன்ஸ் போன மாதம் வாங்கினான். இப்போது அது ஆலங்குடாக் கரையிலிருந்து மீனைப் புத்தளத்துக்குக் கொண்டுபோகிறது.

"அபூசாலி நானா ஏழு வருசம் இதே சத்தத்தோடதான் ஓடினார். அப்ப இவவுக்குக் காது கேக்கல்லயா?"

"புருசனைப் பறிகுடுத்த மனுசி, யூஜினி. வாய் திறந்து ஒண்டு கேட்டிருக்கா. இண்டைக்கே மாத்துறேன்."

"திங்கக்கிழமை கராஜ்ல குடுங்களேன்."

"இண்டைக்கு எண்டா இண்டைக்குத்தான்."

ஒருநாள் மாற்றலாம் என்று வாங்கிய சைலன்சர் ஒன்று கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. அதை இறக்கினான். மணலில் ஜெக் புதைந்தது. உடைந்த வள்ளத்துப் பலகையை அடியில் போட்டு வேனைத் தூக்கி, தென்னங்குத்திகளை முட்டுக்கொடுத்தான். பிறகு உள்ளே போனவன்தான், கால்கள் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

குழாயைப் பிடித்திருந்தவை மூன்று நட்டுகள். ஒன்று கழன்றது. மண்ணெண்ணெய் குடித்துவிட்டு இரண்டாவதும் கழன்றது. மூன்றாவது அசையவே இல்லை. ஸ்பனர் வழுக்கி அவன் கைமுட்டி கிழிந்தது.

"விடுங்களேன். ரத்தம் வருது."

"டோர்ச்சை இந்தப் பக்கம் பிடி."

திட்டிக்கொண்டேதான் பிடித்தாள். கண்ணுக்குள் துரு விழுந்தது, துடைத்தான். மத்தியானச் சோறு ஆறியது. கடைசியில் இரும்பு அறுக்கும் வாளை எடுத்தான். வாளை ஒரு சாண்கூட இழுக்க முடியாத இடுக்கில் ஒரு மணித்தியாலம் அறுத்தான். நட்டு அறுந்து மணலில் விழுந்தபோது யூஜினிக்கே 'அப்பாடா' என்றிருந்தது. ஆனாலும் கோபம் விடவில்லை.

"முடிஞ்சதும் நானே போய்ச் சொல்லிட்டு வாறேன். ஆம்பிளைகளுக்குத்தானே அந்த வீட்டுக்குள்ள தடை. எனக்கில்லையே."

"சண்டைக்குப் போகாத."

"சண்டை இல்ல. நாக்கைப் பிடுங்குற மாதிரி ரெண்டே கேள்வி."

பொழுது சாயும்போது புது சைலன்சர் ஏறிவிட்டது. லோறன்ஸ் சாவியைத் திருப்பினான். என்ஜின் ஓடுகிறதா என்று யூஜினி காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சந்தி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாறேன்" என்று அவன் கிளம்பினான். அவள் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

மௌத்தன்று போனதோடு சரி, அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளை உடுப்பில் பளீலா பாயில் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நாலு வயது மகள் அப்ரா தரையில் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா. இரிங்க."

யூஜினி உட்காரவில்லை.

"சைலன்சர் மாத்தியாச்சு பளீலா. காலையில இருந்து அந்த மனுசன் வேனுக்கு அடியில கிடந்தார். கையெல்லாம் காயம். இனி உங்கட காதுக்கு நிம்மதிதானே?"

பளீலா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒழுங்கையில் வேன் திரும்பி வந்தது. மணலில் டயர் அரைபடும் ஓசை மட்டும் கேட்டது. தகரக் கேட்டைத் தாண்டிப் போய் நின்றது. கதவு சாத்தப்பட்டது.

அப்ரா நிமிரவில்லை. அடுத்த சிப்பியை எடுத்து வைத்தாள்.

பளீலா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

யூஜினி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பளீலா? நான் ஏதும் கூடக் கதைச்சிட்டனா?"

"இல்லக்கா. காரணத்தைச் சொன்னா நீங்க வேனை எடுக்கவே மாட்டீங்க, உங்கட பொழப்பு கெட்டுப்போகும் எண்டுதான் தம்பிக்கிட்டயும் சொல்லல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த ஒரு மாசத்துல இண்டைக்குத்தான் புள்ள 'வாப்பா வந்துட்டார்' எண்டு கேட்டுக்கு ஓடல்ல."