பழைய பெட்டி தாங்குமா?

மலேசியாவில் சித்தியவான் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டம். அதன் எடைமேடை அலுவலகத்தில் பழைய கணினியைத் திறந்தேன். பதினாறு வருடமாக லோரிகளின் எடையை அதில் பதியும் கலாதேவி அக்கா பக்கத்திலேயே நின்றார்.

"தர்மா, புது விண்டோஸ் இதுல ஏறுமா? ஏறலைன்னா எடைமேடையையே மூடிருவாங்கன்னு டிரைவருங்க சொல்றாங்கலா."

"ரெண்டு கோர் புரோசசர் இருக்கு, அது போதும். ஆனா கிழட்டுப் பெட்டிக்கா, ஒத்துக்க மாட்டேங்குது."

"எப்படியாச்சும் ஏத்திடு. இந்த வயசுல வேற வேலைக்கு எங்க போவேன்?"

நான்கு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஏறிவிட்டது. அக்கா சிரித்தபடி மைலோ கலக்கப் போனார்.

மேனேஜர் பிரேம்நாத்துக்குப் போன் செய்தேன்.

"ஏறிருச்சா? நெனைக்கவே இல்லலா! ஏறலைன்னா புது கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும், ரெண்டு வருஷம், பழையபடி ஆளை வெச்சுத்தான் ஓட்டணும்னு இருந்தோம்."

"இப்ப?"

"இன்னைக்கே அதுல புது சாஃப்ட்வேர் போட்டா எடையைத் தானே பதிஞ்சுக்கும். நாளையிலேருந்து வர வேணாம்னு கலாகிட்ட நீயே சொல்லிடு."

திரும்பினேன். அக்கா மைலோவை நீட்டினார்.

"என்னா சொன்னாரு தர்மா? சந்தோசப்பட்டாரா?"

"ரொம்பக்கா."