ஒற்றர் கண்ட பிழை

நூலகம் திறந்த ஏழாவது நிமிடத்தில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது.

அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஒற்றர் நின்றுகொண்டிருந்தார். கையில் பென்சில். நூலகர் பதிவேட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பலகையில் இருந்தது, அவள் இரண்டு நாள் உட்கார்ந்து தன் கையால் எழுதிய பட்டியல். 'சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி: அந்தக் காலத்தில் எழுதியவை, அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவை. அவசியம் படிக்க வேண்டிய பத்து நூல்கள்.' பதினோரு மணிக்கு நூலகக் குழுவின் தலைவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஒற்றர் யாரையும் வேவு பார்ப்பவர் அல்ல. ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். தினமும் வந்து, செய்தித்தாள்களில் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் பென்சிலால் போட்டுவிட்டுப் போவார். கழிப்பறைச் சாவியில் தொங்கும் அட்டைக்குக்கூட 'ச்' போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஒற்றெழுத்தைத் தேடி அலைவதால் ஊழியர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அவருக்கும் தெரியும். அதில் பிழை ஏதும் இல்லாததால் ஆட்சேபிக்கவில்லை.

பட்டியலுக்கு ஒரு விதி உண்டு: மறைந்த எழுத்தாளர்கள் மட்டும்.

போன வருடம் உயிரோடிருப்பவர்களையும் சேர்த்தார்கள். இடம் கிடைக்காத பதினோரு பேர் நேரில் வந்து நியாயம் கேட்டார்கள். இடம் கிடைத்த ஒருவரும் வந்தார், தன் பெயர் ஏன் நான்காவதாக இருக்கிறது என்று. குழு கூடி யோசித்தது. செத்தவர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று ஏகமனதாக முடிவு செய்தது.

இன்னொரு விதியும் உண்டு. பத்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகம் பட்டியலிலும் இல்லையென்றால், மாதக் கடைசியில் பழைய காகிதத்தோடு போய்விடும்.

அப்படிக் கட்டி வைத்த மூட்டையிலிருந்துதான் அவள் 'குடை பிடி'யை உருவி எடுத்தாள்.

தலைப்பைப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒழுக்க நூல் மாதிரி இருந்தது. இத்தனை வருடமும் அந்த அலமாரியில்தான் கிடந்திருக்கிறது. பிரித்தால், நாவல். போர் முடிந்த வருடங்கள், ரேஷன் வரிசை, ஆறு பேர் இருக்கும் ஒரு வீடு. சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. கடைசியில் மிஞ்சுவது, துணியும் கம்பியும் போன ஒரு குடையின் கைப்பிடி. அதைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் அந்த வீட்டு அம்மா வரிசைக்குப் போகிறாள்.

படித்து முடித்த அன்று நூலகர் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். தலைப்பு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. யார் யாரைக் குடை பிடிக்கச் சொல்கிறார்கள்?

அட்டையில் இருந்தது ஒரு புனைபெயர். அந்தப் பெயரில் வேறு புத்தகம் எங்கும் இல்லை. பிறந்த வருடம் பின்னட்டையில் இருந்தது. இறந்த வருடத்துக்கு எங்கே போவது? அது இல்லாமல் பட்டியலில் இடமும் இல்லை.

அவளே ஒன்றைப் போட்டாள். 1929 – 1958.

முன்பின் தெரியாத ஒரு மனிதரை இருபத்தொன்பது வயதில் சாகடித்துவிட்டு, மை காய்வதற்காக ஊதியும் விட்டாள்.

ஒற்றரின் பென்சில் மேலிருந்து கீழே இறங்கி, ஏழாவது வரியில் நின்றது. அதே வரி.

"இங்க ஒரு தப்பு இருக்கும்மா."

வருடத்தைத்தான் பிடித்துவிட்டார் என்று நினைத்தாள். வேலை போவது அப்புறம். விஷயம் குழுவுக்குத் தெரிந்தால் புத்தகம் மூட்டைக்குத் திரும்பிவிடும். இருப்பது ஒரே பிரதி.

"பிடிக்கு முன்னாடி ஒரு 'ப்' வரணும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் தெம்பும் வந்ததால், அட்டையில் இருக்கிறபடிதான் எழுத வேண்டும், அதுதான் நூலக முறை, அட்டையில் 'ப்' கிடையாது என்று கறாராகச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் புத்தகத்தையே எடுத்து வந்து நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் பிரதியில இருந்துச்சும்மா. அச்சுக் கோத்தவர் விட்டுட்டார்."

குடைப் பிடி. குடையின் பிடி. மழையில் போகும் அந்த அம்மாவின் கை அவள் கண்முன் வந்தது. தலைப்பு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த கணம், கையெழுத்துப் பிரதியை யார் பார்த்திருக்க முடியும் என்பதும் விளங்கியது. வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

பேனாவை எடுத்து 'ப்'பை நுழைத்தாள். அவசரத்தில் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதே வேகத்தில் பேனா வரியின் கடைசிக்கு, 1958-க்கு நகர்ந்தது. அதை அடித்தால் புத்தகம் போய்விடும். அடிக்காமல் விடலாமென்றால் அவள் சாகடித்த மனிதர் எதிரிலேயே நிற்கிறார்.

அவர் பென்சிலைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும். அந்த வருஷந்தான் புரூஃப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன்."