மீசை இருந்த படம்

விமானம் தாமதம் என்று பலகை நான்காவது முறையாக வருந்தியபோது தம்பி போனில் அழைத்தான்.

“அண்ணே, அப்பாவ ஐஸ் பெட்டியில வெச்சு மூணு நாளாச்சு. இனியும் தாங்காது, எடுத்துடலாம்கிறாங்க. கொள்ளிய நானே வெச்சிரட்டுமா?”

மூத்தவன் ஞானசேகரன் கண்ணாடிக்கு அப்பால் அசையாமல் நின்ற விமானத்தையே பார்த்தான். “வைடா” என்றான்.

பிறகு கடையில் ரேசர் வாங்கி, கழிவறைக் கண்ணாடி முன் நின்று, இருபது வருஷத்து மீசையை மழித்தான். குழாய்த் தண்ணீரைக் கையால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். பக்கத்தில் கை கழுவியவர்கள் விலகிப் போனார்கள்.

ஈரத்தோடு வெளியே வந்தால், விமானம் தயார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்ற வெளிநாட்டுப் பெண் பாஸ்போர்ட் படத்தையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அது அப்பா இருந்தப்ப எடுத்ததும்மா” என்றான், தமிழிலேயே.