கடுகளவு வெளிச்சம்

நாரணாபுரம் பள்ளியின் எட்டாம் வகுப்பில் நண்பகலிலேயே ஜன்னல் கதவுகளைச் சாத்தியிருக்கிறார்கள். இடுக்கு வழியே விழும் ஒற்றைக் கோடு வெயிலில் தூசி மிதக்கிறது. பிளாஸ்டிக் முக்காலிமேல் வெறுங்காலோடு நிற்கும் அழகுமீனாவின் முதுகை, தோழி கீர்த்திகா கம்பளித் துணியால் விடாமல் தேய்க்கிறாள். அழகுமீனாவின் நெற்றியோரத்து முடி ஒவ்வொன்றாக எழுந்து நிற்கிறது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "போதும். உடம்புல நிலைமின்சாரம் சேர்ந்திருச்சு. இப்ப இந்தக் கரண்டியைத் தொடு. எல்லாரும் அவ விரலையே பாருங்க" என்று அறிவியல் டீச்சர் ஸ்ரீமதி எவர்சில்வர் கரண்டியை நீட்டுகிறார். அழகுமீனாவின் கை கரண்டிக்குப் போகவில்லை. பக்கத்து ஜன்னலின் இரும்புக் கம்பிக்குப் போகிறது. படக்கென்று ஒரு சத்தம். விரலுக்கும் கம்பிக்கும் நடுவில் நீலமாகக் கடுகளவு வெளிச்சம் தோன்றி அணைகிறது.

"ஏ புள்ள, கரண்டியத்தான தொடச் சொன்னாக?" என்கிறாள் கீர்த்திகா. அழகுமீனா டீச்சரைப் பார்த்துச் சொல்கிறாள்: "எங்கம்மா வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள போகும்போது, வாசல்ல இருக்குற செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவாக டீச்சர். தொடாமப் போனா ரூமே வெடிச்சுப் போயிரும்பாக. வீட்டுல வெளக்குப் பத்தவைக்கையிலகூட ஜன்னக் கம்பியத் தொட்டுட்டுத்தான் தீப்பெட்டிய எடுப்பாக. அதான் கை தன்னால போயிருச்சு." முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறார்கள். அழகுமீனா விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அதில் ஒன்றுமில்லை. டீச்சரின் கரண்டி நீட்டியபடியே இருக்கிறது. "எங்கம்மா தெனமும் தகட்டுல விட்டுட்டுப் போறது இதையா டீச்சர்? இம்புட்டுத்தானா?"