பதினான்கு பக்க வாழ்த்துரை

நாட்டு மக்கள் நாளும் நேரமும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தேறியது. பதினான்கு பக்க வாழ்த்துரை ஒன்று சட்டைப்பையிலிருந்து வெளியே எழுந்தருளியது.

உரைக்கு உரியவர் மாப்பிள்ளையின் பள்ளிக்கூட நண்பர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துணை மேலாளர். எந்தப் பேச்சுக்கும் முற்றுப்புள்ளி வைத்தறியாதவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கமா’ என்று பெயர். தம் மொழித் திறமைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் ஒரே சொல்லில் திறக்க வைப்பவருக்கு, இந்த ஒரு வாயை மூட வைக்க மட்டும் முப்பது வருடமாக வழி தெரியவில்லை.

“டேய், அஞ்சு நிமிஷம்டா. எல்லாரும் விடியக்காலைலேருந்து உக்காந்திருக்காங்க,” என்றார் காதோரமாக.

“அஞ்சு நிமிஷமா? ஒண்ணாம் கிளாஸ்ல நீ என் பென்சிலைத் திருடினதைச் சொல்லி முடிக்கவே நாலு பக்கம் ஆகுதுடா!”

முன்வரிசையிலிருந்து கமாவின் மனைவி கண்ணாலேயே எச்சரித்தார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது.

“போன கல்யாணத்துல நீங்க நன்றி சொல்றப்போ, நாற்காலி அடுக்க வந்த ரெண்டு பேர்தான் கேட்டுக்கிட்டு நின்னாங்க. எனக்கு எங்க மூஞ்சியை வச்சுக்கிறதுன்னே தெரியல.”

“இந்தத் தடவை பாரு. நான் பேசும்போது ஒருத்தர் எந்திரிச்சுப் போனாக்கூட, இனி ஆயுசுக்கும் மேடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

“என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

பண்ணியிருந்தார். கொஞ்சம் பலமாகவே.

கல்யாணம் பழசும் புதுசும் பாதிக்குப் பாதி. காலையில் இரு வீட்டுப் பெரியவர்களும் முறை பிசகாமல் ஆசீர்வாதம் செய்தார்கள். அது முடிந்த கையோடு அதே மேடைக்குப் புகை மண்டலம் வந்தது, நாலடுக்குக் கேக் வந்தது, மோதிரத்தைச் சுமந்துகொண்டு ஒரு டிரோன் வந்து தாய்மாமனின் வழுக்கையில் இறங்கப் பார்த்தது.

பெண் வீட்டார் வேறு மொழிக்காரர்கள். மண்டபத்தில் முக்கால்வாசி அவர்கள்தான். அதற்கும் புதுப்பாணி ஏற்பாடு இருந்தது: ஆளுக்கொரு ஹெட்போன். மாப்பிள்ளையின் தங்கை மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவள். பின்னால் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, மேடையில் பேசுவதை உடனுக்குடன் அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கமா தொண்டையைச் செருமினார். “நட்பு என்பது யாது?” என்று கேட்டுவிட்டுச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் தாமே விளக்கத் தொடங்கினார்.

முதல் பக்கம் முடிந்தது, ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் பக்கத்தில் பென்சில் காணாமல் போனது. பெண்ணின் பெரியப்பா கண்ணை மூடி ரசித்தார். மூன்றாம் பக்கத்தில் சமையல்காரரே வேலையைப் போட்டுவிட்டு வந்து, கண்ணாடி அறைக்குள் தலையை நீட்டித் தங்கையிடம் ஏதோ சொன்னார். அடுப்படிவரை எட்டிவிட்டதே நம் பேச்சு என்று கமாவுக்குப் புல்லரித்தது.

நான்காம் பக்கம், ஏழாவது வரி. “அன்று அவன் திருடியது பென்சிலை அல்ல... என் நெஞ்சை!”

மண்டபமே எழுந்து நின்றது.

முந்நூறு பேர் ஒருசேரக் கைதட்டினார்கள். பெரியப்பா இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். பின்வரிசையில் ஒருவர் விசிலே அடித்துவிட்டார். தூங்கி வழிந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் பதறி எழுந்து சேர்ந்துகொண்டார்கள்.

கமாவுக்குக் கண் கலங்கியது. இனி ஒரு சொல் பேசினாலும் இந்தத் தருணம் கெட்டுவிடும் என்று வாழ்நாளில் முதன்முறையாக அவருக்குத் தோன்றியது. மிச்சமிருந்த பத்துப் பக்கங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். கைகூப்பியபடி கீழே இறங்கினார்.

“என்னங்க, இப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!” மனைவி முன்வரிசையிலிருந்து ஓடி வந்தார்.

“எந்திரிச்சாங்க, நான் இல்லேங்கல. ஆனா எப்படி எந்திரிச்சாங்க பாத்தியா?”

கூட்டம் அவர்களைக் கடந்து வேகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. பெரியப்பா போகிற போக்கில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகு யாரால்தான் உட்கார்ந்திருக்க முடியும் என்று கமா அவர்களை மன்னித்தார்.

மனைவியையும் அழைத்துக்கொண்டு நேரே கண்ணாடி அறைக்குப் போனார். தங்கை மைக்கை அணைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அந்தக் கடைசி வரி... நம்ம மொழியிலயே அது லேசுப்பட்ட வரி இல்ல. அவங்க மொழியில அதை எப்படிம்மா சொன்னே?”

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?”

“அட, சொல்லும்மா. முந்நூறு பேரை ஒரே நேரத்துல எழுப்பியிருக்கு. அடுத்த மாசம் எங்க ஜி.எம். ரிட்டயர் ஆகறார், அங்கயும் அதையே போட்டுடலாம்னு இருக்கேன். உங்க அண்ணியும் கேக்கட்டும்.”

தங்கை ஒருமுறை அண்ணியைப் பார்த்தாள். ஒருமுறை தரையைப் பார்த்தாள்.

“‘பேச்சு முடிஞ்சிருச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க’ன்னு சொன்னேண்ணே.”