கூட்ஸ் ஒதுங்கும் இடம்

வேகம் மறுபடி குறைந்தது.

அவள் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர்போல எதிரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடு இல்லை. வளைவு இல்லை. மெதுவாகப் போகச் சொல்லும் பலகையும் இல்லை. இரண்டு பக்கமும் உப்பளம். முதுகுக்குப் பின்னால் ஒரு ரயில் நிறைய நிலக்கரி.

ஞானசிகாமணி சாருக்கு உதவி டிரைவராக அவளைப் போட்டதிலிருந்து இதே கதைதான். மற்ற இடங்களில் மனிதர் வண்டியை விரட்டுவார். கன்ட்ரோலில் உட்கார்ந்திருப்பவர்களே சபாஷ் போடுவார்கள். இந்த உப்பளத்துக்கு வந்தால் மட்டும் மாட்டுவண்டி.

அவளுக்கு மண்டை குடைந்தது.

காரணம் புரியாவிட்டாலும் விளைவு புரிந்தது. இங்கே கொஞ்சம் பிந்தினால் போதும், பின்னாலேயே லோக்கல் வந்துவிடும். ஆபீஸ் போகிற கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு நிலக்கரியை அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த ஸ்டேஷனில் கூட்ஸைப் பக்கத்து லைனில் ஒதுக்கிவிடுவார்கள். லோக்கல் தாண்டிப் போகும்வரை நிற்க வேண்டியதுதான்.

நிற்பதற்காகவே ஒரு மனிதர் பிந்துவாரா?

இன்னொன்றும் இருந்தது. லோக்கல் ஓட்டும் பதவி உயர்வு தேடி வந்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். நேரத்துக்கு வேலை, நேரத்துக்குச் சோறு, வீட்டில் தூக்கம். வேண்டாமாம். அவருக்குக் கழன்றுவிட்டது என்றே டிப்போவில் பேசிக்கொண்டார்கள்.

கூட்ஸ் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு நேரே ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஒரு பெண். அவர் பார்வை அங்கேயே இருக்கும்.

இந்த வயதிலா, என்று முதலில் அவளுக்கு எரிச்சல்கூட வந்தது.

கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. ஒருநாள் காலையில் வரும். ஒருநாள் உச்சி வெயிலில் வரும். எப்போது வந்து நின்றாலும் அந்தப் பெண்ணுக்குத் துணி காயப்போட வேலை வந்துவிடும். ஒருநாள் காய்ந்த துணிகளையே எடுத்து, உதறி, மறுபடி கயிற்றில் போட்டாள்.

வரவர அந்தப் பெண்ணின் வயிறு பெரிதானது. பிறகு கொஞ்ச நாள் மாடி வெறிச்சென்று கிடந்தது. போன தடவை கயிறு முழுக்கச் சின்னச் சின்னத் துணிகள். ஆளைக் காணோம்.

அன்றுதான் கேட்டேவிட்டாள்.

"யார் சார் அது?"

"எம் மவ. அவளா ஒருத்தனக் கட்டிக்கிட்டா. பேச்ச நிறுத்துனது நாந்தாம்மா. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாசல்ல போய் நிக்க?"

அடுத்த விடுமுறையில் அவள் ஒரு லோக்கல் ஏறிப் போய் அந்த ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தாள். லோக்கல் நிற்கும் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். எங்கிருந்தும் அந்த மாடி தெரியவில்லை.

பதவி உயர்வு வேண்டாம் என்றது விளங்கிவிட்டது.

இன்று எப்படியும் குழந்தையைப் பார்த்துவிடலாம். அவர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நிலக்கரி வண்டி ஓட்ட யாராவது சலவைச் சட்டை போடுவார்களா?

சிக்னல் தெரிந்தது.

மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை.

லோக்கல் எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பிந்திய நாளில் அதுவும் பிந்திவிட்டது. ஒதுங்க வேண்டியதில்லை. நிற்காமல் நேரே போகலாம்.

சிக்னலைப் பார்த்ததும் உதவி டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது விதி.

அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"கிரீன், சார்."

அவர் கை பிரேக் பக்கம் போய் நின்றது. ஏதோ கோளாறு என்று நிறுத்தினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? செய்வாரா? அவள் அந்தக் கையையே பார்த்தாள். செய்துவிடுங்கள் சார் என்றுகூட நினைத்தாள்.

"கிரீன்."

நிற்காமல் போகும் வண்டி அடிப்பதுபோல நீளமாக ஹாரன் அடித்தார். வேகத்தைக் கூட்டினார்.

பிளாட்பாரம் ஓடியது. காலியாகக் கிடந்த பக்கத்து லைன் ஓடியது. மாடி வந்தது.

அந்தப் பெண் முன்பே வந்து நின்றிருந்தாள். தோளில் குழந்தை. மறு கை ரயிலைப் பார்த்து நேராக நீண்டிருந்தது. அதில் ஒரு பச்சைத் துணி. ஆட்டவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிற்காமல் போகும் வண்டிக்கு ஸ்டேஷன்காரர்கள் கொடி பிடிப்பது அப்படித்தான். எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வா என்று அர்த்தம். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடி காட்டினால் டிரைவரும் பதிலுக்குக் காட்டியாக வேண்டும். அதுவும் விதி.

இன்ஜினில் அவள் கொடியை எடுத்து நீட்டுவதற்குள் அவர் பிடுங்கிக்கொண்டார். கை தோள்வரை ஜன்னலுக்கு வெளியே போனது. மாடி பின்னால் போய் மறைந்த பிறகும் உள்ளே வரவில்லை.

அடுத்த சிக்னலும் பச்சை.

"கிரீன், சார்."

திருப்பிச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.