பதினேழாம் எண் ஜோடி

வின்ஸின் முழங்கால் தரையில் பட்டதும் நான் விசில் ஊதினேன்.

இசைக்குழு நிறுத்தவில்லை. யார் விழுந்தாலும் நிறுத்துவதில்லை.

அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்க்ரான்டனின் ஸ்கேட்டிங் கூடத்தில் நடன மாரத்தான் ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசிவரை நிற்கும் ஜோடிக்குப் பரிசு. ஆட்டம் என்று பேர்தான். இப்போதெல்லாம் கால் அசைந்தால் போதும். ஒருவர் தூங்கினால் மற்றவர் தாங்கிக்கொள்ளலாம். முழங்கால் தரையைத் தொட்டால் வெளியே.

முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

வின்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த அவன் ஜோடி ஆல்வென் கண் திறக்கவே இல்லை. நட்டநடுவே தனியாக நின்று கால்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்தாள். இந்தப் பாட்டு முடிவதற்குள் வேறு துணை கிடைக்காவிட்டால் அவளும் வெளியேற வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்த மனிதர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார்.

வேலைநாள் மதியத்தில் கறுப்புக் கோட்டு. கன்னத்தில் நிலக்கரித் துகள் புதைந்து ஆறிய நீலத் தழும்புகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆல்வெனின் அப்பா ப்ரோசர்.

போன ஞாயிற்றுக்கிழமை வெல்ஷ்காரர்களின் சிறு தேவாலயமான சேப்பலிலிருந்து ஒரு கூட்டம் வந்து வாசலில் நின்று, ஆட்டம் பாவம் என்று எங்களுக்கு எதிராகத் துதிப்பாடல் பாடியது. அதில் இவரும் இருந்தார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அன்றே அப்பா கதவைச் சாத்திவிட்டார் என்று ஆல்வென் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவள் அதைச் சொன்னது ஆட்டத்தின் இரண்டாம் நாள். அப்போது அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

நான் தடுக்கப் போனேன். மேடையிலிருந்து முதலாளி பர்க் கையை அசைத்து வேண்டாம் என்றார். நேற்று ஒரு அம்மா தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதில் மாலை டிக்கெட் இரண்டு மடங்கு விற்றிருந்தது.

ப்ரோசர் ஆல்வெனின் முன்னால் வந்து நின்றார். அறையப் போகிறார் என்று நினைத்தேன்.

அவள் காற்றில் துழாவினாள். கைக்கு அவருடைய கோட்டு அகப்பட்டது. அப்படியே அவர் மார்பில் சாய்ந்துகொண்டாள்.

அவர் சற்று நேரம் அசையாமல் நின்றார்.

"கால அசைங்க பெரியவரே, இல்லேன்னா அவ அவுட்டு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அசைத்தார். வலது பக்கம், இடது பக்கம். சுரங்கத்தில் குனிந்தே நடந்து பழகிய கால்கள். தாளம் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார்.

பர்க் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துவிட்டார். "பாருங்க, பாருங்க! பொண்ண இழுத்துட்டுப் போக வந்த சேப்பல் ஆளு, இப்ப அவரே ஆடுறாரு!"

கூட்டம் சிரித்தது. "பெருசு, சார்ல்ஸ்டன் ஆடு!" என்று யாரோ ஒருவன் கத்தினான். காசுகள் வந்து விழுந்தன. ஒன்று அவர் கோட்டுப் பையில் செருகியிருந்த கறுப்புக் கைக்குட்டையில் பட்டுத் தெறித்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. பர்க் சொன்னபடி அவர் முதுகில் வின்ஸின் பதினேழாம் எண் சீட்டைக் குத்திவிட்டேன்.

எங்கள் ஆடுதளத்தில் எத்தனையோ பேர் தூக்கத்தில் பேசுவார்கள். ஆல்வெனும் பேசினாள்.

"வின்ஸ்... இது முடிஞ்சதும் ஒரு தடவ வீட்டுக்குப் போகணும். அப்பா வேலைக்குப் போயிருக்கற நேரமா. அம்மா இன்னும் என் முடியப் பாக்கல. பிடிக்கும்னு நினைக்கிறேன்."

ப்ரோசர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பெரிய கை மெதுவாக உயர்ந்து, வெட்டிய முடிக்குக் கீழே அவள் பிடரியில் போய் நின்றது. தூங்கும் குழந்தையின் தலை சரியாமல் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. கூட்டத்துக்குச் சலித்துவிட்டது. பெண்கள் கைப்பைகளை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து தாடையில் சொட்டியது. ஒருமுறை அவருக்கே முழங்கால் மடங்கப் பார்த்தது. சமாளித்துக்கொண்டார்.

எனக்கும் நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது. எப்படியாவது இது ஒரு முடிவுக்கு வந்தால் சரி என்றிருந்தது.

பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? எழுப்புங்க. இதுக்கு மேல இவளுக்குத் தாங்காது."

அவர் கால்கள் நிற்கவில்லை.

"எழுப்புனா சொல்லணுமே, தம்பி."

"என்னத்த?"

"இவ அம்மா விடியக்காலம் போயிட்டா."

மணிக்கு ஒருமுறை சில நிமிடம் படுக்க விடும் ஓய்வு மணியை நான் அடிக்க வேண்டிய நேரம் வந்தது. மணி அடித்தால் எல்லாரையும் எழுப்பிக் கட்டிலுக்கு அனுப்ப வேண்டும். மிச்சமிருந்த ஜோடிகள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மணிப் பக்கம் போகவில்லை. இசைக்குழுவைப் பார்த்து இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினேன். மெதுவானதாக.

நான்காம் எண் பெண் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே ஆடினாள்.